இல்லாத நிகழ்வெல்லை நிரலுக்குள் எப்படி நுழைகிறது

கருந்துளை போலவே தோற்றம் காட்டுகிற, ஆனால் நிகழ்வெல்லை (உள்ளே போனால் ஒளிகூடத் திரும்ப முடியாத எல்லை) இல்லாத பொருள்களைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும்போது ஒரு சிக்கல் விடாமல் கூடவே வரும். கடைசியில் கிடைக்கும் படமோ அலைவடிவமோ கருந்துளையைப் போல இருந்தால், அது அந்தப் பொருளின் குணமா, நிரல் செய்த வேலையா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. கருந்துளையிலிருந்து வேறுபட்டுத் தெரிந்தாலும் இதே சந்தேகம்தான். இந்தத் துறையில் உழைப்பின் பெரும்பங்கு இந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதற்கே போகிறது.

முதலில் அளவுகோல். ஈர்ப்பு மாறிலியையும் ஒளிவேகத்தையும் 1 என்று வைத்துக்கொண்டால் நீளம், நேரம் எல்லாமே நிறையின் மடங்காக வரும். அந்த நிறையை எம் என்போம். ஒரு சூரிய நிறை என்றால் நேரத்தில் 4.925 மைக்ரோவினாடி. நிறையை ஆரத்தால் வகுத்தால் செறிவு. சுழலாத கருந்துளைக்கு அது 0.5. ஒளிவளையம் (ஒளியே வட்டமாகச் சுற்றக்கூடிய பாதை) 3 எம் ஆரத்தில் இருப்பதால், செறிவு மூன்றில் ஒன்றைத் தாண்டிய பொருளுக்குத்தான் தன் மேற்பரப்புக்கு வெளியே ஒளிவளையம் கிடைக்கும். சாதாரணப் பாய்மத்தால் ஆன கோளம் ஒன்பதில் நான்கைத் தாண்ட முடியாது என்று 1959இல் புக்தால் காட்டிவிட்டார். நிகழ்வெல்லையை அதைவிட நெருங்க வேண்டுமென்றால், திசைக்குத் திசை அழுத்தம் மாறும் பொருளையோ எதிர்மறை அழுத்தத்தையோ துணைக்கு அழைத்தாக வேண்டும்.

வேட்பாளர்கள் நிறைய. மாஸூர், மொட்டோலா இருவரும் 2001இல் முன்வைத்த கிராவாஸ்டாருக்கு உள்ளே எதிர்மறை அழுத்தம் நிறைந்த டி சிட்டர் வெளி, நடுவில் விறைப்பான ஓடு, வெளியே சுழலாத கருந்துளையைச் சுற்றியிருப்பது போன்ற ஷ்வார்ஸ்சைல்டு வெளி. புழுத்துளைகள் இன்னொரு வகை. ஆனால் காலத்தில் ஓட்டிப் பார்க்க இவை கைகொடுப்பதில்லை. கிராவாஸ்டாரின் ஓட்டைத் தட்டினால் அது எப்படி அசையும் என்று சொல்ல அடிப்படைச் சமன்பாடு கிடையாது. அழுத்தத்தை நாமே எழுதி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். எல்லிஸ் புழுத்துளைக்குச் சமன்பாடு உண்டு, ஆனால் அதைத் தாங்குவது எதிர்மறை ஆற்றல் கொண்ட புலம். 2002இல் ஷின்காய், ஹேவர்ட் இருவரும் அதை ஓட்டியபோது, சிறு கலக்கத்திலேயே அது ஒன்று கருந்துளையாகச் சுருங்கியது, இல்லையென்றால் விரிந்து போனது.

எனவே முழு ஐன்ஸ்டைன் சமன்பாடுகளோடு ஓட்ட வேண்டும் என்றால் போசான் விண்மீனில் தொடங்குவதே சரி. 1968இல் காவுப், 1969இல் ருஃபினி, பொனாஸோலா எழுதியது. நிறையுள்ள ஒரு சிக்கலெண் புலம், அதோடு ஈர்ப்பு, வேறெதுவும் வேண்டாம். தட்டினால் என்ன ஆகும் என்பதைச் சமன்பாடே சொல்லிவிடும்.

விண்மீனைக் கட்டுதல்

புலம் காலத்தில் சீராகச் சுழல்கிறது, வீச்சு மாறுவதில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். சுழற்சியின் அதிர்வெண் ஒமேகா. மையத்தில் புலவீச்சைத் தேர்ந்தெடுத்து, வெளியே போகப்போகப் புலம் அடங்குமாறு ஒமேகாவைத் தேட வேண்டும். மாறிகள் நான்கு (மெட்ரிக் என்றால் காலவெளியில் தொலைவை அளக்கும் விதி): ஆர மெட்ரிக், கால மெட்ரிக் (லாப்ஸ்), புலம், அதன் ஆர வகைக்கெழு. படிப்படியாகத் தீர்த்துக்கொண்டு போக நான்காம் படி ருங்கே–குட்டா முறை போதும். மையத்தில் ஆரத்தால் வகுக்கும் உறுப்புகள் இருப்பதால் பூச்சியத்தில் தொடங்கக் கூடாது. 0.0001 போன்ற சிறு ஆரத்தில், டெய்லர் தொடரைக் கொண்டு தொடங்க வேண்டும். ஒமேகாவின் வர்க்கத்தை லாப்ஸின் வர்க்கத்தால் வகுத்து, துகள் நிறையின் வர்க்கத்தைக் கழித்து, புலத்தால் பெருக்கி, மூன்றால் வகுத்து, குறியை மாற்றினால் மையத்தில் புலத்தின் இரண்டாம் வகைக்கெழு வந்துவிடும்.

மையத்தில் லாப்ஸை 1 என்று வைத்துத் தொடங்குவது வசதி. அப்படி வைத்தால் ஒமேகா துகள் நிறையைவிடப் பெரிதாக வரும். புதிதாகச் செய்பவர்கள் இங்கே பதறிப்போய் எங்கோ பிழை என்று தேடுவார்கள், பிழை இல்லை. தொலைவில் லாப்ஸும் ஆர மெட்ரிக்கும் பெருக்கினால் 1 வரும்படி கடைசியில் லாப்ஸை ஒரு மாறிலியால் வகுத்து, ஒமேகாவையும் அதே மாறிலியால் வகுத்தால், அது துகள் நிறைக்குக் கீழே வந்து உட்காரும்.

தேடுவது இரண்டாகப் பிரிக்கும் முறையில். ஒமேகா குறைவாக இருந்தால் புலம் பூச்சியத்தைத் தொடாமல் மேல்நோக்கிப் பிய்த்துக்கொண்டு போகும்; அதிகமாக இருந்தால் பூச்சியத்தைக் கடந்து கீழே பாயும். இந்த இரண்டுக்கும் நடுவே நெருக்கிக்கொண்டே போக வேண்டும். 50 தடவைக்கு மேல் நெருக்க முடியாது, இரட்டைத் துல்லிய எண் (கணினியில் ஏறக்குறைய 16 இலக்கம்) அதோடு தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகும் புலம் ஓர் ஆரத்துக்கு மேல் பிய்த்துக்கொண்டுதான் போகும், ஏனென்றால் வளரும் தீர்வின் துளி 10⁻¹⁶ அளவில் எப்போதும் ஒட்டியிருக்கும். உச்ச நிறை விண்மீனில் ஒமேகா துகள் நிறையில் 0.853 பங்கு; அதற்கு இந்தப் பிரச்சினை துகள் நிறை அலகில் 35 ஆரத்தை ஒட்டி வரும். அதற்குச் சற்று முன்பே வெட்டி, அடுக்குக்குறியில் தேயும் வாலையும் ஷ்வார்ஸ்சைல்டு மெட்ரிக்கையும் ஒட்டவைக்க வேண்டும். வெட்டாமல் அப்படியே முப்பரிமாண கிரிட்டில் (கணக்கிடும் புள்ளிகளின் வலையில்) ஏற்றினால், விண்மீனைச் சுற்றி மெல்லிய பொய் ஓடு ஒன்று உருவாகி, முதல் சில படிகளிலேயே உள்நோக்கி விழுந்து விண்மீனை உலுக்கும்.

சரியாகக் கட்டியிருக்கிறோமா என்று பார்க்க ஓர் எண் போதும். வேறு இடைவினை இல்லாத போசான் விண்மீனின் உச்ச நிறை, பிளாங்க் நிறையின் வர்க்கத்தைத் துகள் நிறையால் வகுத்ததில் 0.633 மடங்கு. மைய வீச்சை மாற்றி மாற்றி வளைவை வரைந்தால் உச்சி அங்கேதான் வர வேண்டும். 0.62 என்றோ 0.65 என்றோ வந்தால் பெரும்பாலும் வெளி ஆரம் போதவில்லை, அல்லது புலத்தை அளவிடும் மரபில் 4 பை எங்கோ விட்டுப்போயிருக்கிறது. இரண்டாவதே அடிக்கடி நடக்கும்; ஒவ்வொரு ஆய்வுக்கட்டுரையும் புலத்தை ஒவ்வொரு விதமாக அளவிடுகிறது. விண்மீனை 60 சூரிய நிறைக்குப் பொருத்த வேண்டும் என்றால் துகள் நிறை ஏறக்குறைய 1.4 × 10⁻¹² எலெக்ட்ரான் வோல்ட்.

ஆனால் இந்த எளிய விண்மீன் நல்ல வேஷதாரி இல்லை. உச்சத்தில்கூட நிறையின் 99 சதவீதம் அடங்கும் ஆரத்தை வைத்துக் கணக்கிட்டால் செறிவு 0.08தான், நியூட்ரான் விண்மீனைவிடத் தளர்வு. நான்காம் அடுக்கு இடைவினை சேர்த்தால் 0.16 வரை போகும். ஃபிரீட்பெர்க், லீ, பாங் மூவரும் 1987இல் எழுதிய சொலிட்டான் வகை நிலையாற்றலை எடுத்தால் 0.35ஐ எட்டி ஒளிவளையம் வந்துவிடும். கூலி என்னவென்றால், அந்த விண்மீனுக்குள் புலம் ஏறக்குறைய மாறாமல் இருந்து, மெல்லிய சுவரில் சடாரென்று விழுகிறது. இரட்டைத் துல்லியத்தில் ஒமேகாவின் எல்லா இலக்கங்களையும் நெருக்கி முடித்த பிறகும் புலம் சுவர் வரைகூடப் போய்ச் சேராது. நான்மடங்குத் துல்லியம் வேண்டும், அல்லது இருபுறமிருந்தும் தீர்வைத் தளர்த்திக்கொண்டு வரும் முறைக்கு மாற வேண்டும்.

இரண்டை மோதவிடும்போது

ஒற்றை விண்மீன் கையில் வந்ததும் எல்லோருக்கும் வரும் ஆசை, இரண்டை மோதவிட்டு ஈர்ப்பலை எடுப்பது. நிரல்களுக்குப் பஞ்சமில்லை: ஐன்ஸ்டைன் டூல்கிட், ஜிஆர்சோம்போ இரண்டும் திறந்த மூலம். கணினியில் நிலையாக ஓடும்படி மாற்றியெழுதிய பிஎஸ்எஸ்என் அல்லது சிசிஇசட்4 வடிவில் ஐன்ஸ்டைன் சமன்பாடுகள், கருந்துளைக்குப் பழக்கமான அதே கேஜ் (ஆயத் தேர்வு) நிபந்தனைகள், உயர் அதிர்வெண் சத்தத்தை அடக்கக் கொஞ்சம் கிரைஸ்–ஓலிகர் தணிப்பு. இதெல்லாம் தயாராகவே கிடைக்கும். பிழை நுழைவது தொடக்கத் தரவில்.

வழக்கமாகச் செய்வது இது: முதல் விண்மீனின் மெட்ரிக்கையும் இரண்டாவதின் மெட்ரிக்கையும் கூட்டி, தட்டை வெளியின் மெட்ரிக்கை ஒருமுறை கழித்துவிடுவது. கருந்துளைக்கு இது ஓரளவு பரவாயில்லை, ஏனென்றால் நடுவில் நடக்கும் தவறு நிகழ்வெல்லைக்குள் புதைந்துபோகிறது. போசான் விண்மீனுக்கு அந்தப் புதைகுழி கிடையாது.

எண்ணை வைத்தே பார்ப்போம். துகள் நிறை அலகில், நிறை 0.4 கொண்ட இரு விண்மீன்கள், இடைவெளி 80. இரண்டாவது விண்மீனின் மெட்ரிக் முதல் விண்மீனின் மையத்தில் 1 ஆக இல்லை. நிறையின் இருமடங்கை இடைவெளியால் வகுத்த அளவு, அதாவது 0.01 கூடுதல். தட்டை மெட்ரிக்கைக் கழித்த பிறகும் இந்த 0.01 மூன்று திசையிலும் அப்படியே நிற்கிறது. மையத்தில் கன அளவு ஊதிவிட்டது, புலமோ பழைய வீச்சிலேயே இருக்கிறது. விண்மீன் தன் சமநிலையிலிருந்து தள்ளிவிடப்பட்டதற்கு இது சமம். உச்ச நிறைக்கு அருகில் இருக்கும் விண்மீன் இந்த உதையிலேயே, கூட்டாளியைத் தொடும் முன்பே, கருந்துளையாகச் சரிந்துவிடும். இடைவெளியைக் கூட்டினால் தீரும் என்று தோன்றும். ஆனால் பிழை இடைவெளிக்கு நேர்தலைகீழாக மட்டுமே குறைகிறது. பத்தில் ஒன்றாக்க வேண்டுமென்றால் 800க்குத் தள்ளி வைக்க வேண்டும், அந்த கிரிட்டை யாராலும் ஓட்ட முடியாது.

ஹெல்ஃபர் முதலானோர் 2022இல் தந்த மருந்து வியப்பூட்டும் அளவுக்கு எளிது. தட்டை மெட்ரிக்கைக் கழிப்பதற்குப் பதிலாக, இரண்டாவது விண்மீனின் மெட்ரிக் முதல் விண்மீனின் மையத்தில் எந்த மதிப்பில் இருக்கிறதோ அதைக் கழியுங்கள். சம நிறை என்றால் ஒரே மாறிலி இரண்டு மையத்துக்கும் பொருந்தும். இந்த உதாரணத்தில் 1க்குப் பதில் 1.01 கழிகிறது, வேறு மாற்றமில்லை. தொலைவில் மெட்ரிக் 0.99க்குப் போகுமே என்றால், அது ஆயத்தை லேசாக அளவு மாற்றியதற்குச் சமம், தொல்லை தராது. மைய வீச்சைக் காலத்தோடு வரைந்து பார்த்தால் வித்தியாசம் கண்கூடு: பழைய முறையில் பெரிதாகத் துடிக்கும் கோடு, புதியதில் ஏறக்குறைய நேராக ஓடும். நிறைகள் சமமில்லையென்றால் ஒரு மாறிலி போதாது. கட்டுப்பாட்டுச் சமன்பாடுகளையே தீர்த்துத் தரவு எடுப்பது நல்லது.

மோதலில் இன்னொரு கட்டுப்படாத அளவு, இரு புலங்களுக்கும் இடையிலான கட்டம். நேருக்கு நேர் மோதும்போது ஒரே கட்டத்தில் இருந்தால் கலந்துவிடும். எதிர்க்கட்டத்தில் இருந்தால் ஒன்றையொன்று தள்ளும். கருந்துளை இணையில் இப்படியொரு அளவே கிடையாது. ஆகவே ஒரு மோதலை மட்டும் ஓட்டிவிட்டு, போசான் விண்மீன் மோதல் இப்படித்தான் ஒலிக்கும் என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை.

எதிரொலியை ஒரு மடிக்கணினியில்

முப்பரிமாண ஓட்டத்துக்குப் பெரிய கணினி வேண்டும். எதிரொலிக்கு வேண்டாம். கார்டோஸோ, ஃபிரான்ஸின், பானி மூவரும் 2016இல் சுட்டிக்காட்டியது இதுதான்: மோதல் முடிந்ததும் கேட்கும் முதல் அதிர்வை ஒளிவளையம்தான் தீர்மானிக்கிறது, நிகழ்வெல்லைக்கு அதில் பங்கில்லை. நிகழ்வெல்லை இருக்க வேண்டிய இடத்துக்குச் சற்று வெளியே சுவர் ஒன்று இருந்தால், முதல் அதிர்வு கருந்துளையினுடையதாகவே வரும். சுவரில் பட்டுத் திரும்பிய அலை பிறகுதான் கசியும், அதுவே எதிரொலி.

இதை ஒற்றைப் பரிமாண அலைச் சமன்பாட்டில் பார்த்துவிடலாம். ஆர ஆயத்துக்குப் பதில் டார்ட்டஸ் (ஆமை) ஆயம், அதாவது நிகழ்வெல்லையை முடிவிலிக்குத் தள்ளிவைக்கும் அளவு; அதில் கருந்துளையைச் சுற்றி ஈர்ப்பலைக்குத் தடுப்பாக நிற்கும் ரெஜ்ஜி–வீலர் நிலையாற்றல், அலையின் கோண வடிவைச் சொல்லும் பன்முனை எண் 2. சுவர், 2 எம் ஆரத்தை 1 கூட்டல் எப்சிலான் என்ற சிற்றெண்ணால் பெருக்கிய இடத்தில். ஒளிவளையத்திலிருந்து சுவர் வரை டார்ட்டஸ் தூரம், இரண்டு எப்சிலானின் இயல் மடக்கையை இரட்டித்து, அதை 1இலிருந்து கழித்தால் எம் அலகில் வரும். எதிரொலித் தாமதம் அதன் இருமடங்கு. எப்சிலான் 10⁻⁶ என்றால் தாமதம் 54.5 எம். சுவரை பிளாங்க் நீளத்துக்கு, அதாவது 60 சூரிய நிறைக்கு எப்சிலான் 10⁻⁴⁰ஐ ஒட்டிக் கொண்டுபோனாலும் தாமதம் 368 எம் தான்; நொடிக்கணக்கில் 0.11. மடக்கை செய்யும் தயவு.

10⁻⁴⁰இல்தான் முதல் அடி சறுக்கும். இரட்டைத் துல்லியத்தில் 1 கூட்டல் 10⁻⁴⁰ என்பது வெறும் 1. ஆரத்தை நேராகச் சேமித்தால் சுவர் நிகழ்வெல்லையின் மேலேயே உட்காரும், மடக்கை முடிவிலிக்கு ஓடும், திரை முழுக்க எண்ணில்லாத எண்கள். தீர்வு: ஆரத்தைச் சேமிக்காதீர்கள், ஆரத்தை 2 எம்ஆல் வகுத்து 1 கழித்த மிச்சத்தைச் சேமியுங்கள். டார்ட்டஸ் ஆயத்தை 2 எம்ஆல் வகுத்து, 1 கழித்து, அடுக்குக்குறி எடுத்து, லாம்பர்ட் சார்பில் போட்டால் அந்த மிச்சம் நேராகக் கிடைக்கும். பைத்தானின் ஸ்கைபையில் அந்தச் சார்பு தயாராக உண்டு. நிலையாற்றலின் முன்னால் நிற்கும் காரணியையும் 1இலிருந்து கழித்து எழுதாமல், மிச்சத்தை அதோடு 1 கூட்டியதால் வகுத்து எழுத வேண்டும்.

மற்றவை எளிது. கிரிட் இடைவெளி 0.1 எம், காலப்படி அதில் பாதி, காலத்தில் நகர்த்த இரண்டாம் படி லீப்ஃபிராக் முறை. தொடக்கத்தில் 3 எம் அகலமுள்ள ஒரு காஸியன் (மணி வடிவ) துடிப்பை 20 எம்இல் வைத்து உள்நோக்கி அனுப்பலாம். சுவரில் புலம் பூச்சியம். வெளி எல்லை 600 எம்இல், வெளியேறும் அலை நிபந்தனை. கேட்கும் இடம் 100 எம்.

ஓட்டியதும் முதலில் எதிரொலியைத் தேடக் கூடாது. சுவரை எடுத்துவிட்டு, கருந்துளையாகவே ஓட்டி, அதிர்வின் அதிர்வெண் 0.3737, தணிவு 0.0890 வருகிறதா என்று பொருத்திப் பார்க்க வேண்டும். அது வராத நிரலில் எதிரொலிக்கு அர்த்தமில்லை.

பிறகு சுவரை வைத்து ஓட்டினால், எப்சிலான் 10⁻⁴⁰க்கு முதல் அதிர்வுக்குப் பின் 368, 735, 1103 எம் இடைவெளியில் மூன்று எதிரொலிகள் வர வேண்டும். ஆனால் 1000 எம்இல் ஒன்று எட்டிப் பார்க்கும். சின்னதாக, அழகாக, மூன்றாவது எதிரொலி கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டதோ என்று நினைக்க வைக்கும்படி. அது வெளி எல்லையில் பட்டுத் திரும்பியது: கேட்கும் இடத்திலிருந்து எல்லைக்கு 500, திரும்பி வர 500. வெளியேறும் அலை நிபந்தனை முழுமையானதல்ல. நிலையாற்றலின் வால் 600 எம்இலும் மிச்சமிருக்கிறது. எல்லையை 900க்குத் தள்ளி மறுபடி ஓட்டினால் பொய் எதிரொலி 1600க்கு நகரும், உண்மையானவை அசையாது. இந்த ஓர் ஓட்டத்தைச் செய்யாமல் வரையப்பட்ட எதிரொலிப் படத்தை நம்ப வேண்டியதில்லை.

உண்மையானவற்றுக்கு வேறோர் அடையாளமும் உண்டு. ஒளிவளையத் தடுப்பைத் தாண்டி உயர் அதிர்வெண் முதலில் தப்பிவிடுகிறது, தாழ்ந்தது உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. ஆகவே ஒவ்வொரு எதிரொலியும் முந்தையதைவிட அகலமாகவும் மந்தமாகவும் இருக்கும். முதல் அதிர்வின் அச்சுப்பிரதிபோல ஒன்று வந்தால் சந்தேகப்படுங்கள். உண்மைத் தரவில் 2016இல் எதிரொலி கண்டதாக ஓர் அறிவிப்பு வந்தது. பிறகு வந்த தேடல்கள் அதை உறுதிசெய்யவில்லை.

நிழல் வரையும்போது

எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் மையத்தில் உள்ள கருந்துளையின் படம் 2019இல் வந்தது. வளையத்தின் விட்டம் 42 மைக்ரோ ஆர்க்விநாடி. அதன் பிறகு போசான் விண்மீன் எப்படித் தெரியும் என்று வரைந்து பார்ப்பவர்கள் பெருகிவிட்டார்கள். கதிரைக் கேமராவிலிருந்து பின்னோக்கி அனுப்பி, வழியில் ஒளிர்வைக் கூட்டிக்கொண்டே போவதுதான் முறை. முதல் சோதனை ஷ்வார்ஸ்சைல்டு: நிழலின் ஆரம் 5.196 எம் வர வேண்டும்.

அடுத்து மெட்ரிக்கை மாற்றிப் போசான் விண்மீனை வைக்கிறோம். அங்கேயும் நடுவில் அருமையான கறுப்பு வட்டம்! காரணம் பல நேரங்களில் ஒற்றை வரி: ஆரம் 2.01 எம்க்குக் கீழே போனால் கதிரை நிறுத்திக் கறுப்பு பூசு என்று கருந்துளைக்காக எழுதியதை நீக்க மறந்திருப்போம். போசான் விண்மீனுக்குள் புகுந்த கதிர் மறுபக்கம் வெளியே வந்தாக வேண்டும். ஆகவே நிறுத்தும் நிபந்தனை வெளி ஆரத்தில் மட்டும் இருக்கட்டும். படிகளின் எண்ணிக்கைக்கு வைத்த உச்சவரம்பைத் தொட்ட கதிர்களுக்குக் கறுப்பு பூசாமல் கண்ணைப் பறிக்கும் சிவப்பு பூசுங்கள். ஒளிவளையத்தருகே பலமுறை சுற்றும் கதிர்கள் அப்போது வெளிப்பட்டுவிடும்.

மெட்ரிக் இங்கே வாய்பாடாக இல்லை, அட்டவணையாக இருக்கிறது. அதை நேர்கோட்டு இடைச்செருகலால் படித்தால் அதன் வகைக்கெழு ஒவ்வொரு கட்டத்திலும் தாவும். தாவும் இடமெல்லாம் படத்தில் மெல்லிய ஒளிக்கோடாக, ஒளிவளையத்தின் தம்பிபோல வந்து நிற்கும். வகைக்கெழுவும் தாவாமல் இணைக்கும் கன ஸ்ப்லைன் வைத்தால் மறைந்துவிடும். கதிர் நெடுக அதன் நான்குவேகத்தின் வர்க்கம் பூச்சியமாகவே இருக்கிறதா என்று எழுதிவைத்துக்கொண்டே போவது இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

கறுப்பு வட்டமே வராது என்பதும் தவறு. ஒலிவாரெஸ் முதலானோர் 2020இல் காந்தப் பாய்மத்தோடு போசான் விண்மீனை ஓட்டியபோது நடுவில் இருண்ட பகுதி கிடைத்தது. அதற்குக் காரணம் நிழல் இல்லை. பாய்மம் மையம்வரை சமமாகப் பரவாததுதான். அதன் அளவு அதே நிறையுள்ள கருந்துளை நிழலைவிடச் சிறிது. ஆகவே ஒளிர்வை நாமே கையால் எழுதிவைத்து வரைந்த படங்களை வைத்து, தெரியும் தெரியாது என்று தீர்ப்பு எழுதுவதை நான் ஏற்க மாட்டேன்.

நீண்ட நேரம் ஓட்டினால்

கடைசி விஷயம் நிலைத்தன்மை. நிலையற்ற கிளையில் (நிறை வளைவில் உச்சிக்கு அப்பால்) உள்ள விண்மீனை எந்தக் கலக்கமும் கொடுக்காமல் ஓட்டினால், அது சரிவதா, விரிந்து நிலையான கிளைக்குப் போவதா என்பதை கிரிட்டின் வெட்டுப் பிழையே முடிவு செய்கிறது. ரெசல்யூஷனை மாற்றினால் விடையே மாறலாம். பிழையைவிடப் பெரிய, தெரிந்த அளவுள்ள கலக்கத்தை நாமே கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

சுழலும் விண்மீன்களில் தவறு எதிர்த்திசையில்: இருக்கிற நிலையின்மையே மறைந்துபோகும். செலவைக் குறைக்க கிரிட்டின் ஒரு பகுதியை மட்டும் ஓட்டிச் சமச்சீரால் மிச்சத்தை நிரப்புவது வழக்கம். அச்சைச் சுற்றி ஒற்றைப்படை வடிவில் வளரும் நிலையின்மைகளை அந்தச் சமச்சீர் அடியோடு கொன்றுவிடும். விண்மீன் என்றென்றும் நலமாக இருப்பதுபோல் தெரியும். அச்சைச் சுற்றிய சமச்சீரைத் திணிக்காமல் 2019இல் ஓட்டியபோதுதான், இடைவினையற்ற சுழலும் போசான் விண்மீன் உடைகிறது, புரோகா விண்மீன் (எண் புலத்துக்குப் பதில் திசையன் புலத்தால் ஆனது) தாக்குப்பிடிக்கிறது என்று தெரிந்தது.

ஒளிவளையம் உள்ள பொருள்களுக்கு இன்னும் தீராத கேள்வி ஒன்று உண்டு. நிகழ்வெல்லை இல்லாத பொருளில் ஒளிவளையங்கள் சோடியாகத்தான் வரும் என்று 2017இல் குன்யா, பெர்ட்டி, ஹெர்டெய்ரோ காட்டினார்கள். வெளியே உள்ளது நிலையற்றது, உள்ளே உள்ளது நிலையானது. உள்வளையத்தில் அலைகள் மாட்டிக்கொண்டு மிக மெதுவாகத் தேயும், சேர்ந்துகொண்டே போய்ப் பொருளையே கவிழ்க்கலாம். 2023இல் வந்த ஓட்டங்களில் பொருள் ஒன்று தளர்ந்தது, அல்லது கருந்துளையாகச் சரிந்தது. அதற்குப் பிறகு வந்த வேறு சில நீண்ட ஓட்டங்களில் மிகச் செறிந்த போசான் விண்மீன் அசையாமல் நின்றது. எது சரி என்று எடைபோட, அந்த ஓட்டங்களின் உள்வளையத்தில் எத்தனை கிரிட் புள்ளிகள் இருந்தன, தணிப்பு எவ்வளவு வைத்தார்கள், தொடக்கக் கலக்கம் எங்கிருந்து வந்தது என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். தணிப்பு கூடிவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்ட அலையை இயற்பியலுக்கு முன்பே அதுவே தின்றுவிடும். குறைந்துவிட்டால் கிரிட்டின் மட்ட எல்லைகளில் எழும் சத்தம் உள்வளையத்துக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கும்.